அகலம், உயரம்

இணையப் பக்கத்தில் ஒரு படத்தை வைக்கும்போது, அதன் அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று இரண்டு எண்களை எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் படம் வரும். அதனால் நான் எழுதவில்லை. இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான் என்று ஐந்து மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றப் பெருமையெல்லாம் திருவிழாக்கால மக்கள் மின்னறிவிப்பு நடுவத்தையே சேரும்.

நடுவம் 2003ஆம் வருடம் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் திறக்கப்பட்டது. முதலில் கல்வெட்டு வந்தது. கல்வெட்டு வந்து மூன்று வாரம் கழித்துக் கணினி வந்தது. அதற்கும் பிறகு ஒப்பந்த ஊழியனாக நான் வந்தேன். என் பெயர் மூர்த்தி. கல்வெட்டில் இடமில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலைக்கு வருகிற லட்சக்கணக்கான ஜனங்களில் ஆண்டுதோறும் சிலர் தொலைந்து போவார்கள். முன்பெல்லாம் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆளும் அழுதுகொண்டே வந்து சேர்ந்துவிடுவார். இதில் நவீனம் என்று சொல்ல ஒன்றுமில்லை என்பது எங்கள் இயக்குநர் சக்கரபாணியின் கருத்து. இனி கண்டெடுக்கப்பட்டவர்களின் புகைப்படம் இணையத்தில் வரும். காவல் சாவடியில் புகார் எண் வாங்கியவர்கள் அந்த எண்ணைப் போட்டுப் பக்கத்தைத் திறக்க வேண்டும். தங்கள் ஆளைப் பார்த்து 'எங்களவர்' என்ற பட்டனை அமுக்கினால், அவர் எந்தக் காப்பகத்தில் இருக்கிறார் என்ற முகவரி வரும். அமுக்காதவர்களுக்கு முகவரி கிடையாது. யார் வேண்டுமானாலும் வந்து யாரை வேண்டுமானாலும் கூட்டிப்போய்விடக் கூடாது அல்லவா? அதுவரை நியாயம்தான்.

"மூர்த்தி, ஜனங்க வந்து உட்கார்ந்த உடனே காணாம போனவங்க மூஞ்சியையா காட்டறது? மங்களகரமா ஆரம்பிக்க வேணாமா?" என்றார் சக்கரபாணி.

மங்களகரமாக ஆரம்பித்தேன். மேலே மலை, மலையுச்சியில் அசைந்து எரியும் தீபம், கோயில் மணியோசை, வலமிருந்து இடமாக ஓடும் நல்வரவு வாசகம். அதற்குக் கீழே சென்னைத் தலைமையகத்துத் தலைமை நெறியாளரின் படம். அதற்கும் கீழேதான் தொலைந்துபோன நாற்பத்திரண்டு பேர் வந்தார்கள்.

தலைமை நெறியாளர் படத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த நாற்காலியில் யாரும் நிலைப்பதில்லை. நான் சேர்ந்த மூன்று மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். ஒவ்வொரு மாறுதலுக்கும் படத்தை மாற்ற வேண்டும். ஒருமுறை மறந்துபோய், பழையவர் சிரித்துக்கொண்டிருந்த பக்கத்தைப் புதியவர் பார்த்துவிட்டார். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதிலிருந்து ஓர் உத்தரவு: படம் நம் கணினியில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் சென்னைக் கணினியிலிருந்து நேரடியாக வர வேண்டும். அங்கே ஆள் மாறினால் இங்கே முகம் தானாக மாறும்.

ஒருவர் படத்தில் நின்றுகொண்டிருந்தார், ஒருவர் உட்கார்ந்து, இன்னொருவர் கொடியோடு பக்கவாட்டில். எவருக்கும் எவருடைய அளவும் பொருந்தவில்லை. என்ன அகலம், என்ன உயரம் என்று நான் எழுதுவது? எழுதாமல் விட்டேன். வருகிறவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு இடத்தை அவரே எடுத்துக்கொள்ளட்டும்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இணையப் பக்கம் அச்சடித்த நோட்டீசு மாதிரி முழுசாக வந்து விழுவதில்லை. துண்டு துண்டாக வரும். கல்யாணப் பந்தியில் ஒரு பெரிய மனிதருக்கு இலை போட்டு இடம் பிடித்து வைக்காமல் மற்றவர்களை உட்கார வைத்துவிட்டால் என்ன ஆகும்? அவர் கடைசியில் வந்து நிற்பார். வரிசை முழுக்க எழுந்து ஓர் இலை தள்ளி உட்கார வேண்டும். கையில் எடுத்த கவளத்தோடு அடுத்தவன் இலையின் முன்னால் உட்கார்ந்திருப்போம். அந்த இரண்டு எண்கள் பெரிய மனிதருக்குப் போடுகிற இலை. சென்னைக் கணினியோ எப்போதும் கடைசியில்தான் வரும்.

பட்டன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரே ஒரு பட்டன்தான் வைத்திருந்தேன்.

"ஒரே பட்டனா? அது சர்வாதிகாரம் இல்லையா?" என்றார் சக்கரபாணி. "எங்களவர், எங்களவர் அல்லர், ரெண்டும் வை. ஜனங்களுக்குத் தேர்வு வேணும். எது அமுக்கினாலும் நமக்குப் பதில் வந்த கணக்குதானே. அதுவும் அல்லர்தான் ஜாஸ்தி பேரு அமுக்குவாங்க. அதை மேல வை. கை வலிக்கக் கூடாது பாரு."

அப்படியே வைத்தேன். ஒவ்வொருவர் முகத்துக்கும் மேலே 'எங்களவர் அல்லர்', கீழே 'எங்களவர்'. ஒருமுறை அல்லர் என்று சொல்லிவிட்டால் அந்த முகம் அந்தப் புகார் எண்ணுக்கு மறுபடி வராது. சொன்ன பேச்சு மாறக் கூடாது என்பது அவருடைய கொள்கை.

வேகச் சோதனை அவர் அறையில் நடந்தது. கணினியும் அங்கேதான், பக்கமும் அங்கேதான். சென்னைப் படம்கூட நேற்றுப் பார்த்தது கணினிக்குள்ளேயே தங்கியிருந்தது. இரண்டு விநாடியில் எல்லாம் வந்து நின்றது. கைதட்டினார்கள்.

"சார், வெளிய போன் லைன்ல பாக்கறவங்களுக்கு அரை மணி நேரம் ஆவும்" என்றேன்.

"ஆவட்டுமே. சாமி தரிசனத்துக்கு நாலு மணி நேரம் நிக்கறாங்க. இதுக்கு ஃபேன் காத்துல அரை மணி நேரம் உட்கார மாட்டாங்களா? காத்திருந்து பார்த்தாத்தான் மூர்த்தி, மதிப்பு."

அந்த வருடத் தீபத்துக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அப்பாதுரை என்பவர் வந்திருந்தார். இரண்டு ஏக்கரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். கூட அவர் மனைவி தங்கம்மாள். முப்பத்தோரு வருடமாக இரண்டு பேரும் தீபத்துக்கு வருகிறார்கள். பிள்ளைகள் இல்லை. கூட்டத்தில் பிரியாமலிருக்க அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டே வருவது வழக்கம். ஊரில் அப்படி ஒருநாளும் பிடித்ததில்லை என்றும், தீபத்தன்று மட்டும் யாரும் கேலி செய்ய மாட்டார்கள் என்றும் பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மலைமேல் தீபம் தெரிந்தது. தெரிந்த மாத்திரத்தில் லட்சம் பேரும் அரோகரா என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்கள். அப்பாதுரையும் கும்பிட்டார். கும்பிடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். மனைவியின் கையை விட்டார். கண்ணைத் திறந்து கையை இறக்கியபோது பக்கத்தில் வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

அந்த ஒரு நிமிடத்தில் தங்கம்மாள் கீழே சரிந்திருந்தார். பக்கவாதம். யாரோ நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் முதலுதவிக் கூடாரத்தில் கிடத்தினார்கள். கண் விழித்தபோது வலது கை இல்லை. கை இருந்தது, ஆனால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டது. மற்றவர்கள் பேசுவது நன்றாகப் புரிந்தது. இது முக்கியம். எல்லாம் புரிந்தது. ஊர் என்ன, பேர் என்ன என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லத்தான் செய்தார். அது வார்த்தையாக வரவில்லை. புகைப்படம் எடுத்து, ஒன்பது காப்பகங்களில் ஏதோ ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பாதுரை இரண்டு நாள் மலையைச் சுற்றினார். மூன்றாம் நாள் காவல் சாவடியில் 317 என்று ஓர் எண் கொடுத்து, "நெட்டுல பாருங்க பெரியவரே, எல்லாம் வந்துடும்" என்றார்கள்.

கீழ்பென்னாத்தூரில் பிரகாஷ் என்பவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அதற்கு முன் அது எஸ்.டி.டி. பூத். ஒரே போன் லைன். யாராவது அவருக்கு போன் செய்தால் இணையம் அறுந்துவிடும். அப்பாதுரை முதல் நாள் மூன்று முறை பக்கம் திறக்கப் பார்த்தார். தீபம் எரிந்தது, மணி அடித்தது, லைன் அறுந்தது. மறுநாள் பிரகாஷ் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் செய்து, இன்றைக்கு யாரும் எனக்கு போன் பண்ணாதீங்க என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் சந்தித்த மனிதர்களில் எங்கள் பக்கத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

முகங்கள் ஒன்றொன்றாக, மேலிருந்து கீழாக, நெற்றி, கண், மூக்கு என்று இறங்கி வந்தன. ஒவ்வொரு நெற்றி வரும்போதும் அப்பாதுரை முன்னால் குனிந்தார். இருபத்தாறாவது நிமிடத்தில், இருபத்தொன்பதாவது நெற்றி. குங்குமம் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"இவதான்" என்றார் அப்பாதுரை. "பிரகாசு, இவதான்டா. என் தங்கம்டா."

"உங்க கையாலயே அமுக்குங்க மாமா" என்று பிரகாஷ் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். இதை என்னிடம் சொல்லும்போது பிரகாஷ் அழுதார். தானே அமுக்கியிருந்தால் சீக்கிரம் அமுக்கியிருப்பேன் என்றார். அப்பாதுரை மௌசைப் பிடித்ததில்லை. அம்பை முகத்துக்குக் கீழே கொண்டுவந்து 'எங்களவர்' என்ற எழுத்தின் மேல் நிறுத்த முழுசாக ஒரு நிமிடம் ஆனது. நிறுத்தினார். அமுக்கினார்.

அந்த நொடியில்தான் சென்னையிலிருந்து தலைமை நெறியாளர் வந்து சேர்ந்தார். கொடியோடு, பக்கவாட்டில். வந்தவருக்கு மேலே இடம் இல்லை. நான் போட்டு வைக்கவில்லை. அவர் தன் உயரத்துக்கு இடத்தை எடுத்துக்கொள்ள, தொலைந்துபோன நாற்பத்திரண்டு பேரும் கீழே தள்ளப்பட்டார்கள். அவருடைய உயரமும் நான் ஓர் ஆளின் முகத்துக்கு ஒதுக்கிய உயரமும் ஏறக்குறைய ஒன்று. தங்கம்மாளின் முகம் கீழே நகர்ந்துவிட, அம்புக்கு நேராக அந்த முகத்துக்கு மேலே இருந்த பட்டன் வந்து நின்றது.

'தங்கள் பதிலுக்கு நன்றி. இவர் தங்களைச் சேர்ந்தவர் அல்லர் எனப் பதிவு செய்யப்பட்டது. தங்கள் பொறுப்புணர்வைப் பாராட்டுகிறோம்' என்று வந்தது. கூடவே மணி அடித்தது. அந்த மூன்று வாக்கியமும் நான் எழுதியவை. மணியும் நான் வைத்ததுதான்.

மறுநாள் காலையில் அப்பாதுரை நடுவத்துக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பையில் தங்கம்மாளின் மாற்றுப் புடவை. கையோடு கூட்டிப் போகலாம் என்று கொண்டுவந்திருந்தார்.

"நான் கீழ இருக்கறதைத்தாங்க அமுக்கனேன். அமுக்கறப்போ பக்கம் நகர்ந்துடுச்சு" என்றார்.

"நகர்ந்துச்சா?" என்றார் சக்கரபாணி. "பக்கம் இன்னா தேரா பெரியவரே, நகர்றதுக்கு?"

அவர் தன் கணினியில் பக்கத்தைத் திறந்து காட்டினார். இரண்டு விநாடி. எல்லாம் வந்து நின்றது. இருவரும் ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசையவில்லை. தீபம் மட்டும் அசைந்தது.

"பாத்தீங்களா? இப்ப எங்க நகருது?"

"இங்க நகரலீங்க. எங்க ஊர்ல நகர்ந்துச்சு."

"ஊருக்கு ஒரு பக்கம்னு நாங்க வெக்கலியே."

நான் மூலையில் நின்றுகொண்டிருந்தேன். அப்பாதுரை முதல் வாக்கியத்தைச் சொன்னபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நகர்ந்தது எது, எவ்வளவு, ஏன், எல்லாம். வாயைத் திறந்திருக்கலாம். மார்ச்சில் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். திறக்கவில்லை.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. எழுதிவிடுகிறேன். சோதனை செய்வதற்காகப் பூஜ்ஜியம் என்று ஒரு புகார் எண் என்னிடம் இருந்தது. அதைப் போட்டால் எல்லா முகமும் வரும், எந்த முகவரியும் வரும். ஆனால் யார், எப்போது பார்த்தார்கள் என்று என் பெயரோடு பதிவாகும். மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்ற அந்த நாளிலும் அந்த எண் என்னிடம் இருந்தது.

சக்கரபாணி கெட்டவர் அல்லர். விசாரணைக் குழு அமைத்தார். மூன்று உறுப்பினர்கள். அவர்கள் அவருடைய அறையிலேயே உட்கார்ந்து, காலை பதினொன்றிலிருந்து பகல் இரண்டு வரை பக்கத்தை இமைக்காமல் பார்த்தார்கள். நடுவில் போண்டா வந்தது. அறிக்கையின் கடைசிப் பத்தி எனக்கு இன்னும் மனப்பாடம்: 'மூன்று மணி நேரக் கூர்நோக்கில் பக்கம் எள்ளளவும் நகரவில்லை. ஆகவே நகர்ந்தது மனுதாரரின் மனமாக இருக்கலாம். மனைவியை முதலில் மறுத்துப் பின் மனம் மாறுவது இல்லறத்தில் இயல்பே. மனுதாரருக்கு நடுவம் தன் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொள்கிறது.'

அப்பாதுரைக்கு அதைப் படித்துக் காட்டியது நான்தான். ஏனென்றால் நான்தான் அங்கே சும்மா இருந்தேன்.

"அப்ப என் மனசுதான் நகர்ந்துச்சுன்றாங்களா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாங்க ஐயா. அப்படித்தான் எழுதியிருக்குது."

அவர் புடவையை எடுத்து மறுபடி மடித்துப் பையில் வைத்தார். பிறகு போனார்.

போனவர் ஓய்ந்துவிடவில்லை. தினமும் காலையில் பிரகாஷின் கடைக்குப் போய் 317 போட்டுப் பக்கத்தைத் திறந்தார். என்றைக்காவது ஒருநாள் அந்த நெற்றி திரும்ப வரும் என்று நினைத்தார். மறுத்த முகம் வராது என்று பிரகாஷ் சொல்லிப் பார்த்தார். "இயந்திரம்தானேடா, மறந்துடும்" என்றாராம். ஒன்பது காப்பகங்களுக்கும் நேரில் போனார். புகார் எண்ணில் 'எங்களவர்' என்று பதிவாகாமல் யாரையும் வாசலைத் தாண்டி விடக் கூடாது என்று எங்கள் நடுவமே அவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அதில் ஒன்றின் வாசலில் அவர் நின்றபோது உள்ளே இருபதடி தூரத்தில் தங்கம்மாள் இருந்திருக்கிறார். எது என்று அப்போது எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவில்லை.

பக்கத்தின் அடியில் வந்தவர்கள் எண்ணிக்கையைக் காட்டும் ஒரு கட்டம் இருந்தது. தீபம் முடிந்தால் அதில் எண் ஏறாது என்று நினைத்திருந்தோம். ஏறிக்கொண்டே இருந்தது. லைன் அறுந்து திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்று. ஏப்ரல் கடைசியில் பத்தாயிரத்தைத் தொட்டபோது, அதில் பெரும்பங்கு கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தது என்று தெரிந்தது. சக்கரபாணி பூரித்துப்போனார்.

"திருவிழா முடிஞ்சு அஞ்சு மாசமாவுது. ஜனங்களால நம்ம பக்கத்தை விட முடியல பாரு மூர்த்தி!"

பத்தாயிரமாவது வருகை விழா மே மாதம் நடந்தது. பந்தல், மைக், பெரிய திரை. அதிக முறை வந்த பயனாளி என்று அப்பாதுரையைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் யார் என்று சக்கரபாணிக்கு நினைவில்லை. மைக்கில் பேசினார்:

"சிலர் சொன்னாங்க, கிராமத்து ஜனங்களுக்கு இன்டர்நெட் எதுக்குன்னு. இதோ இந்தப் பெரியவரைப் பாருங்க! ஒருநாள் விடாம வந்திருக்காரு. இவருக்கு அங்க இன்னா வேலைன்னு நான் கேக்கல. தேவையே இல்லாம ஒருத்தர் வர்றாருன்னா, அதுதாங்க உண்மையான பிரியம். நம்ம பக்கம் அவ்ளோ அழகு!"

பொன்னாடையோடு நின்ற அப்பாதுரையிடம் மைக்கை நீட்டி, பக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னார்கள்.

"ஒரே ஒருவாட்டி இங்கிருந்து அமுக்கிக்கறேங்க" என்றார் அப்பாதுரை. "இங்க நகராதுன்னு சொன்னாங்க."

பந்தலில் சிரித்தார்கள். எளிய மக்களின் ஆர்வம் என்று சக்கரபாணியும் சிரித்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் திரையருகே கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். 317 போட வேண்டிய இடத்தில் பூஜ்ஜியம் போட்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் வீரன் போல இருக்கும். நடுங்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியதைச் செய்கிறவனுக்கு நடுங்க என்ன யோக்கியதை இருக்கிறது?

இரண்டு விநாடி. இருபத்தொன்பதாவது முகம், ஆளுயரத் திரையில். கோணல் குங்குமம். 'எங்களவர்' என்பதை அமுக்கினேன். செய்யாறு பக்கத்தில் ஒரு காப்பகத்தின் முகவரி பந்தல் முழுக்கத் தெரிய வந்து நின்றது. மணி அடித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

அன்று மதியமே என்னை அனுப்பிவிட்டார்கள். என் சாமான்களை எடுத்துக்கொள்ளப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். சாமான் ஒன்றுமில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் தலைமை நெறியாளர் படத்துக்கு ஓர் அகலமும் ஓர் உயரமும் எழுதினேன். இனி அங்கே வருகிறவர்கள் கொஞ்சம் நசுங்கித் தெரிவார்கள். பரவாயில்லை.

மறுநாள் அப்பாதுரையும் நானும் செய்யாறு போனோம். பேருந்தில் அந்தப் பூஜ்ஜிய எண்ணைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். முதல் நாளிலிருந்தே இருந்தது என்பதையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புடவைப் பை மடியில் இருந்தது.

காப்பகத்தின் பொறுப்பாளர் பச்சையம்மாள் என்ற அம்மாள். நல்ல மனுஷி. முகவரியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வாசலிலேயே நிறுத்தி மெதுவாகச் சொன்னார்.

"அவங்களுக்குப் பேச்சு வரல, ஆனா எல்லாம் புரியும். உங்க பேரோட பதில் வந்த அன்னிக்கே படிச்சுக் காட்டிட்டோம்."

"எந்தப் பதிலு?" என்றார் அப்பாதுரை.

"எங்களவர் அல்லர்னு நீங்க போட்டது. ஒளிவு மறைவு இருக்கக் கூடாது, உடனே சொல்லிடணும்னு நடுவத்து உத்தரவுங்க."

தங்கம்மாள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, குங்குமம் நேராக வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. அப்பாதுரை அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார். அழுகையும் பேச்சும் கலந்து வந்தன.

"தங்கம், நான் உன்னைத்தான் அமுக்கனேன். எங்களவர்னுதான் அமுக்கனேன். பக்கம் நகர்ந்துடுச்சு தங்கம். நான் நகரல. இதோ இந்தத் தம்பியைக் கேளு."

நானும் சொன்னேன். தப்பு என்னுடையது, ஒரு படத்துக்கு அளவு எழுதாமல் விட்டேன், அதனால் உங்கள் முகம் கீழே போய்விட்டது என்று முடிந்தவரை எளிதாகச் சொன்னேன். அவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நான் சொன்னது அவருக்கு வேண்டிய சேதியே இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

பிறகு இடது கையைத் தூக்கினார். மெதுவாக, தலைக்கு மேலே, உள்ளங்கையை நேராக நிமிர்த்தி. தீபத்துக்குப் போடுகிற கும்பிடு, பாதி. வலது கை மடியில் கிடந்தது. அப்படியே புருஷனைப் பார்த்தார்.

அப்பாதுரைக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அனுப்பி வைப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டு கட்டம்: 'வந்திருப்பவரை அறிவேன்', 'வந்திருப்பவரை அறியேன்'. அதுவும் எங்கள் நடுவம் அச்சடித்துக் கொடுத்ததுதான். தேர்வு வேண்டும் அல்லவா? தங்கம்மாள் ஐந்தாவது வரை படித்தவர். பச்சையம்மாள் பலகையில் தாளை வைத்து, தங்கம்மாளின் இடது கட்டைவிரலில் மை தடவிவிட்டார். தங்கம்மாள் இரண்டு கட்டத்தையும் படித்தார். பிறகு அறியேன் என்ற கட்டத்தின் நடுவில் விரலை ஊன்றினார்.

"அய்யோ அம்மா, இடம் மாறிடுச்சு. இருங்க, வேற தாள் தரேன்" என்றார் பச்சையம்மாள்.

இரண்டாவது தாளைப் பச்சையம்மாள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தாள் அசையவில்லை. விரல் அதே கட்டத்துக்குப் போனது.

விதிப்படி நடுவத்துக்கு போன் செய்தார்கள். சக்கரபாணியின் குரல் வெளியே எங்களுக்கும் கேட்டது. "ரொம்ப சந்தோஷம்மா! அவரும் தெரியாதுன்னாரு, இந்தம்மாவும் தெரியாதுன்றாங்க. ரெண்டு பதிவும் ஒத்துப்போவுது பாருங்க. நம்ம பக்கம் அன்னிக்கே சரியாத்தான் சொல்லியிருக்குது. ஃபைலை முடிச்சிடுங்க."

கைரேகை தவறாக விழுந்தது என்று அப்பாதுரை ஒரு திருத்த மனு கொடுக்கலாம் என்றார் பச்சையம்மாள். மனுவை எடுத்துக் கொடுத்துப் பேனாவையும் கொடுத்தார். அறிவேன் என்று மாற்றிவிட்டால் இன்றைக்கே கூட்டிப் போகலாம் என்றார். ஐந்து மாதம் ஒரு திருத்தத்துக்காக அலைந்த மனிதர் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம்மா" என்றார். "அவ சரியாத்தான் வச்சிருக்கா."

புடவைப் பையைப் பச்சையம்மாளிடம் கொடுத்தார். நீலப் புடவை தங்கத்துக்குப் பிடிக்கும், வெள்ளிக்கிழமை கட்டிவிடுங்க என்றார். கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். தங்கம்மாள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தத்தில் அரை மணி நேரம் நின்றோம். தூரத்தில் பேருந்து தெரிந்தபோதுதான் கேட்டார்.

"அந்த ரெண்டு நம்பரைப் போட்டுட்டியா தம்பி?"

"போட்டுட்டேங்க ஐயா."

"இனிமே நகராதா?"

"நகராதுங்க."

தலையாட்டினார். பேருந்தில் நல்ல கூட்டம். உள்ளே ஏறி மேல்கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஆரணியில் ஆட்கள் இறங்கி எங்களுக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் உட்கார்ந்தேன். அவர் கம்பியை விடவில்லை.